வேர் எதை உண்கிறது?



2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதை நம் இறக்காமத்து விவசாயிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. “மாட்டெருவைப் போட்டுத்தானே மூத்தவாப்பாமார் விளைவித்தார்கள்? இப்போது மட்டும் ஏன் விளையவில்லை?” என்று வாலிபர்கள் வினவுகின்றார்கள். நியாயமான வினாதான். விடை வேரில் இருக்கின்றது.

வேரின் நுனிக்குச் சற்று மேலே நுண்ணிய வேர்மயிர்கள் உள்ளன. அவற்றின் கலச்சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவானது. ஆகவே நீர் தானாகவே உட்புகுகின்றது. இதனைப் பிரசாரணம் என்பர். இலைகள் நீரை ஆவியாக வெளியிடுவதால் உண்டாகும் இழுவை அந்நீரை மேலே கொண்டுசெல்கின்றது.

போசணையோ அவ்வளவு இலகுவில் நுழைவதில்லை. கலமென்சவ்வில் அதற்கென வாயில்கள் உண்டு. அவற்றினூடாக உள்ளிழுக்கச் சக்தி வேண்டும். சக்திக்கு ஒட்சிசன் வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் ஏது? நெற்பயிர் தன் உடலிலுள்ள காற்றறைகள் வழியே அதனை வேருக்கு அனுப்புகின்றது. ஒரு பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேரில் செங்கபிலப் படலம் தெரியும். வேரிலிருந்து கசிந்த ஒட்சிசன் பட்டுத் துருவேறிய இரும்பே அது!

இனி எருவுக்கு வருவோம். வேர் சாணத்தை அப்படியே உண்பதில்லை. நீரில் கரைந்ததையே ஏற்கும். நீர் நிற்கும் வயலில் நெல் நைதரசனைப் பெரும்பாலும் அமோனியமாகவே பெறுகின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். சில நாட்களில் அது அமோனியமாகிவிடும். உலர்ந்த மாட்டெருவிலோ நைதரசன் 2 பங்கைத் தாண்டுவது அரிது. அதனையும் நுண்ணங்கிகள் மெல்ல மெல்லச் சிதைத்த பின்னரே வேருக்குக் கிட்டும். மூன்று, நான்கு மாதங்களில் அறுவடையாகும் பயிர் அதுவரை காத்திருக்குமா? முன்னோரின் நெல்லினங்கள் குறைவாகக் கேட்டன; குறைவாகவே தந்தன. குற்றம் சேதனப் பசளையினுடையதன்று, அவசரத்தினுடையது என்பதே என் கருத்து.

அதற்காக யூரியாவை அள்ளிக் கொட்டுவதும் பிழையே. ஊறுகாய்க்கு உப்பிட்ட தேசிக்காய் நீர் விடுவதைத் தாய்மார் அறிவார்கள். வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்கன்றின் அடியில் யூரியாவைக் குவித்தால் அதுவே நிகழும். மண்நீர் செறிவாகி, வேரிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். ஈர மண்ணில் நின்றபடியே கன்று கருகும். வயலில் யூரியாவைப் பல தடவைகளாகப் பிரித்து இடச் சொல்வதற்குக் காரணம் வேறு. இளம்பயிரின் சிறுவேர் அத்தனையையும் ஒரே முறையில் ஏற்காது; எஞ்சியதில் பெரும்பகுதி காற்றோடும் வாய்க்கால் நீரோடும் போய்விடும்.