அந்த மூலையில் யாருமே இல்லை!

2023 பிப்ரவரி 12. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிளெண்டேல் நகரம். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப்போட்டியின் கடைசிக் கால்பகுதி நடந்துகொண்டிருக்கிறது. ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் 27, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 21.

எல்லைக்கோட்டுக்கு இன்னும் 5 யார்டு. சீஃப்ஸ் அணியின் கடேரியஸ் டோனி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட ஆரம்பிக்கிறார். அவர் மறுபக்கம் போகப்போகிறார் என்று கணக்குப் போட்ட ஈகிள்ஸ் தடுப்பாளர்கள், யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதை நொடியில் மாற்றிக்கொண்டு உள்பக்கமாக நகர்கிறார்கள். பந்து நகரத் தொடங்கும் அந்த நேரம் பார்த்து டோனி நின்றார், திரும்பினார், வந்த வழியே ஓரத்துக்கு ஓடினார். பந்து கைக்கு வந்தபோது அவரைச் சுற்றி ஒருவர்கூட இல்லை. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்: டச்டவுன்! சீஃப்ஸ் முன்னிலை.

ஆட்டக் கடிகாரத்தில் மூன்று நிமிடம்கூட நகரவில்லை. இம்முறை 4 யார்டு தூரம், எதிர்ப்பக்கம், ஸ்கை மூர் என்ற இளைஞர். அதே ஓட்டம், அதே திரும்பல், அதே காலி மூலை. அந்தப் பருவத்தில் ஒரு டச்டவுன்கூட எடுத்திராத மூருக்கு, தொழில்முறை ஆட்டத்தில் அதுதான் முதல் டச்டவுன். சீஃப்ஸ் 35, ஈகிள்ஸ் 27.

ஒரே ஏமாற்று, ஒரே ஆட்டத்தில், இரண்டு முறை. ஏமாந்ததோ சாதாரண அணி இல்லை.

எழுபது முறை வீழ்த்திய படை

பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை, வீசுவதற்கு முன்பே அமுக்கித் தரையில் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்று பெயர். 2022 பருவத்தில் ஈகிள்ஸ் அணி எடுத்த சாக்குகள் 70. 1984இல் சிகாகோ பேர்ஸ் படைத்த சாதனையே 72தான். ஹாசன் ரெடிக் மட்டும் 16 எடுத்தார். ஜாஷ் ஸ்வெட், ஜேவன் ஹார்கிரேவ், பிராண்டன் கிரஹாம் ஆளுக்கு 11. ஒரே அணியில் நான்கு பேர் இரட்டை இலக்கம் தொட்டது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் வரலாற்றிலேயே முதல் முறை. வீச்சு ஆட்டத்தில் எதிரணிகளுக்கு மிகக் குறைந்த யார்டுகளைக் கொடுத்த அணியும் அதுதான்.

ஆனாலும் அந்த இரவில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஒருமுறைகூடச் சாய்க்கப்படவில்லை. கணுக்கால் சுளுக்கோடு ஆடியவர் அவர். இடைவேளையில் 14–24 என்று பின்தங்கியிருந்த சீஃப்ஸ், இரண்டாம் பாதியில் பந்து கிடைத்த நான்கு முறையும் புள்ளி எடுத்தது: மூன்று டச்டவுன், பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று. முடிவு 38–35.

பாதி வெற்றி மைதானத்தில் என்றால், மீதிப் பாதி அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், விளக்கணைத்த அறைகளில், திரைக்கு முன்னால் கிடைத்தது.

நின்று நின்று ஓடும் ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் நின்று, அடுத்ததைத் திட்டமிட்டு, மறுபடி அணிவகுப்பார்கள். இப்படி நின்று நின்று நடப்பதால்தான் இந்த ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து ஆராய முடிகிறது. ‘மூன்றாவது வாய்ப்பு, 7 யார்டு தேவை, எல்லைக்கோடு அருகில்’ என்ற நிலையில் எதிரணி இந்தப் பருவத்தில் என்னென்ன செய்தது என்று கேட்டால், அத்தனை காட்சிகளையும் வரிசையாகத் திரையில் ஓடவிடலாம்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பந்தைத் துரத்தும் காட்சி. பயிற்சியாளர்கள் பார்ப்பது வேறு. பக்கவாட்டில் உயரத்திலிருந்து ஒரு கோணம், எல்லைக்கோட்டுக்குப் பின்னால் உயரத்திலிருந்து இன்னொரு கோணம். 22 பேரும் தெரிய வேண்டும். இந்தப் படங்கள் எல்லா அணிகளுக்கும் பொதுவில் கிடைக்கின்றன. எவரும் எதையும் ஒளிக்க முடியாது. ஆகவே, யார் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் போட்டி.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியைக் கட்டியெழுப்பிய பால் பிரவுன் 1940களிலேயே திரைப்படச் சுருள் போட்டு வீரர்களுக்குப் பாடம் நடத்தினார். தியேட்டர் நடத்திய குடும்பத்திலிருந்து வந்த சிட் கில்மன், செய்திப்படங்களில் வந்த கால்பந்துக் காட்சிகளைச் சேகரித்துப் பார்த்துப் பார்த்தே வீச்சு ஆட்டத்தின் ஆசான் ஆனார். கடற்படை அகாதமியின் அணிக்காக எதிரணிகளை வேவு பார்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஸ்டீவ் பெலிசிக், 1962இல் அந்தக் கலைக்கு ஒரு நூலே எழுதினார். அவர் மகன் பில் பெலிசிக், பிற்காலத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு ஆறு சூப்பர் பௌல் வென்று தந்த தலைமைப் பயிற்சியாளர்.

பாதத்தைப் பார், பந்தைப் பார்க்காதே

ஒரு தடுப்பு அணியை ஆராய உட்காருபவர் முதலில் பார்ப்பது தடுப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகளை. ஆழத்தில் இருவர் நிற்கிறார்களா, ஒருவரா? ஒருவர் என்றால் நீள வீச்சுக்கு ஓரங்கள் திறக்கும். இருவர் என்றால் முன்வரிசையில் ஓர் ஆள் குறைகிறார், ஓடிப் பார்க்கலாம். இருவராக நிற்பதுபோல் காட்டிவிட்டு, பந்து நகரும் நொடியில் ஒருவர் நழுவி முன்னே வருகிறாரா? அப்படியானால் அந்த நழுவலுக்கு முன் அவரிடம் ஏதாவது அடையாளம் தெரிகிறதா? காட்சியைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். மறுபடி ஓட்டுகிறார்கள். ஓரத்துத் தடுப்பாளரின் எந்தக் கால் முன்னால் இருக்கிறது, மார்பு உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியேவா, நடுவில் நிற்கும் லைன்பேக்கர் ஓரடி முன்னே வந்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு வாய்ப்பும் தொடங்கும் முன் ஒருவரைப் பக்கவாட்டில் ஓடவிடுவதும் எதிரணியைப் படிக்கும் ஒரு வழிதான். அவர் பின்னாலேயே ஒரு தடுப்பாளர் ஓடினால், ஆளுக்கு ஆள் காவல். யாரும் ஓடாமல் வரிசை மட்டும் லேசாக நகர்ந்தால், பெரும்பாலும் இடத்துக்கு இடம் காவல். குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தில் உள்ள வானொலி, அடுத்த வாய்ப்பைத் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போதே அணைந்துவிடும். அதன் பிறகு பயிற்சியாளர் குரல் கேட்காது. வாரம் முழுக்கத் திரையில் பார்த்ததை நம்பி அவரே முடிவெடுக்க வேண்டும்.

ஆராய்பவர்கள் தேடுவது எதிரணியின் பலவீனத்தை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரியும். உண்மையில் தேடுவது வழக்கத்தை. நன்றாகப் பயிற்சி பெற்ற அணிக்குத்தான் உறுதியான வழக்கங்கள் இருக்கும். இன்னது நடந்தால் இன்னது செய் என்ற விதி ரத்தத்தில் ஊறியிருக்கும். அந்த விதியைத் தெரிந்துகொண்டவருக்கு, எதிரணியின் அடுத்த அசைவைத் தானே வரவழைக்க முடியும்.

மழை நாளில் கிடைத்த துப்பு

ஈகிள்ஸ் தடுப்பு அணியை வழிநடத்தியவர் ஜோனதன் கேனன். ஆழத்தில் இருவரை நிறுத்து. நான்கே பேரை வைத்துக் குவார்ட்டர்பேக்கை நெருக்கு. யாரையும் தலைக்கு மேல் தாண்டிப் போக விடாதே — இதுதான் அவர் பாணி. எல்லைக்கோட்டை நெருங்கும்போது இடம் சுருங்கி, காவல் ஆளுக்கு ஆள் என்றாகிவிடும். அப்போது எதிராளி ஒருவர் குறுக்கே வேகமாக ஓடினால், துரத்துபவர் தன் கூட்டத்திலேயே இடித்துக்கொண்டு பின்தங்கிவிடுவார். அதைத் தவிர்க்க ஒரு நல்ல ஏற்பாடு: துரத்தாதே, மறுபக்கம் நிற்பவரிடம் ஒப்படைத்துவிட்டு நீ உள்ளே நகர். விதி சரியானது. ஓடுபவர் மறுபக்கம் போகும் வரை சரியானது.

போகாமல் திரும்பினால்?

அந்தப் பருவத்தில் அதை ஏற்கனவே ஓர் அணி செய்து பார்த்திருந்தது. 2022 அக்டோபர் 2, ஃபிலடெல்பியாவில் கொட்டும் மழை. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் ஜமால் ஆக்னியூ இப்படித்தான் போக்குக் காட்டித் திரும்பி டச்டவுன் எடுத்தார். ஜாகுவார்ஸ் அணியின் அப்போதைய பயிற்சியாளர் டக் பீடர்சன், சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் பட்டறையில் உருவானவர். ரீடுக்குக் கீழ் ஆடியவர், அவருக்கு உதவியாளராக இருந்தவர், பிறகு ஈகிள்ஸ் அணிக்கே முதல் சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தவர். ரீடும் 1999 முதல் 2012 வரை 14 பருவங்கள் ஈகிள்ஸ் பயிற்சியாளராக இருந்தவர்தான்.

அந்த மழைக் காட்சியைச் சீஃப்ஸ் பயிற்சிக் குழு பார்த்தது, குறித்துக்கொண்டது. சோளமாவில் முக்கிப் பொரித்த சாசேஜான ‘கார்ன் டாக்’ அந்த உத்திக்குப் பெயரானது. முதல் பாதி முழுக்க அதைத் தொடாமல் வைத்திருந்து, நான்காம் கால்பகுதியில் எடுத்தார்கள்.

சாக் எடுக்க முடியாமல் போனதற்கும் திரைக்கு முன் நடந்த வேலையில் பங்கு உண்டு. பந்தைச் சீக்கிரம் விடுவித்தார்கள். ஓடியே 158 யார்டு சேர்த்தார்கள். ஓட்டத்துக்கும் பயப்பட வேண்டியிருந்தால், முன்வரிசை குவார்ட்டர்பேக்கை மட்டும் குறிவைத்துப் பாய முடியாது. வழுக்கிய புல்தரையையும் சொல்லியாக வேண்டும். இரு அணி வீரர்களும் அன்று கால் நிற்காமல் தவித்தார்கள். ஆனால் காலி மூலைக்குப் புல்தரை காரணமில்லை.

பார்ப்பதற்கும் ஒரு வரம்பு

கண்ணுக்கு எதிரே தெரிவதைக் கூர்ந்து பார்ப்பது உழைப்பு. பார்க்கக் கூடாத இடத்திலிருந்து பார்ப்பது திருட்டு. 2007 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் அணிப் பயிற்சியாளர்கள் தங்கள் தடுப்பு வீரர்களுக்குக் காட்டிய சைகைகளை, விதி அனுமதிக்காத இடத்திலிருந்து பேட்ரியட்ஸ் ஆள் ஒருவர் படமெடுத்துப் பிடிபட்டார். பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம்; புதிய வீரர்களை எடுப்பதில் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் பறிபோனது. 2008 முதல் தடுப்பு அணியிலும் ஒருவருக்குத் தலைக்கவச வானொலி வந்தது. சைகைக்கு இருந்த தேவை பெருமளவு குறைந்தது. வேவு நூல் எழுதிய தந்தையின் மகனுக்கு இந்தக் கறை சேர்ந்தது, உண்மையாக உழைத்துப் படம் பார்க்கும் அத்தனை பேருக்கும் வலித்திருக்கும்.

சீஃப்ஸ் வென்ற விதம் அதனால்தான் இன்னும் மதிக்கத் தக்கது. அவர்களுக்குக் கிடைத்த அக்டோபர் 2 படம் எல்லோருக்கும் கிடைத்த படம். ஈகிள்ஸ் கையிலும் இருந்தது. அது அவர்கள் சொந்த ஆட்டம். அன்று அவர்கள் 29–21 என்று வென்றார்கள். எதிரணிக் குவார்ட்டர்பேக் மழையில் நான்கு முறை பந்தை நழுவவிட்டு இழந்தார். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் இருந்தது. தோற்ற அணி எடுத்த ஒரு டச்டவுனில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது, பிப்ரவரியிலும் அப்படியே கிடந்தது.

இறுதிப்போட்டி முடிந்த இரண்டாம் நாள், ஜோனதன் கேனன் அரிசோனா கார்டினல்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். டோனியும் மூரும் தனியாக நின்று பந்தைப் பிடித்த கிளெண்டேல் மைதானம்தான் அந்த அணியின் சொந்த மைதானம்.