ஓ குரூப் தாய்க்கு ஏபி குழந்தை

தாய்க்கு ஓ, தந்தைக்கு ஏ, பிறந்த குழந்தைக்கு ஏபி. ஆய்வகச் சீட்டில் இப்படி வந்தால் பல வீடுகளில் முதல் சந்தேகம் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். பி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தாயிடமிருந்தே வந்திருக்கலாம்.

பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்புக் கணக்கு ரத்த வகைக்கு முழுதாகப் பொருந்தாது. ஏ, பி மரபணுக்கள் சேர்ந்து வந்தால் ஒன்றை ஒன்று அடக்குவதில்லை, இரண்டும் வெளிப்படுகின்றன. இது இணை ஓங்குத்தன்மை. இதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடும். இதைவிட வியப்பானது 1952-ல் பம்பாயில் வெளிப்பட்டது.

மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் உடனிருந்தவர்களும் மூன்று பேரின் ரத்தத்தைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். சோதனையில் அது ஓ போலவே இருந்தது. ஆனால் அவர்களுடைய சீரம், சாதாரண ஓ ரத்தத்தின் சிவப்பணுக்களையும் திரளச் செய்தது!

காரணம், எச் என்ற அடிப்படைப் பொருள். சிவப்பணுவின் மேல் முதலில் எச் உருவாக வேண்டும். அதன்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி, எதுவும் ஒட்டாவிட்டால் ஓ. ஏ, பி மரபணு 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எச் உருவாக்கும் மரபணு 19-ஆவதில். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான எச் மரபணுவே வந்தவருக்கு, பி மரபணு நன்றாக இருந்தும் பயனில்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம்? ஒரு மரபணு இன்னொன்றின் வேலையை இப்படி மறைப்பதால் வருவதுதான் ‘பம்பாய் ரத்த வகை’.

தொடக்கத்தில் சொன்ன தாய் இந்த வகையினராக இருந்தால், தன் பி மரபணுவைக் குழந்தைக்குக் கொடுக்கிறாள். தந்தையிடமிருந்து நல்ல எச் மரபணு வந்துவிடுவதால், அவளிடம் மறைந்திருந்த பி குழந்தையிடம் வெளிப்படுகிறது. பிறழ்ந்தது எதுவுமில்லை, சீட்டை மட்டும் வைத்து ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு இந்த வகை உண்டு என்பார்கள். தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில், பழுதான இரு பிரதிகள் ஒரே குழந்தைக்குச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அன்றாட வாழ்வில் இவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ரத்தம் ஏற்றும்போதுதான் ஆபத்து: ஓ ரத்தம்கூட உயிரைப் பறிக்கலாம். பம்பாய் வகை ரத்தம்தான் சேரும். அதனால் திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், அவரவர் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமித்து வைப்பதும் உண்டு.