அச்சாரமா, அட்வான்ஸா?

கல்யாண மண்டபத்துக்கு அச்சாரம், நாதஸ்வரக்காரருக்கு அச்சாரம், சமையல்காரருக்கு அச்சாரம் என்று, அச்சாரம் இல்லாமல் நம் வீடுகளில் எந்தக் காரியம் தொடங்குகிறது? கொடுக்கும்போது இரு பக்கமும் முகம் மலர்ந்துதான் இருக்கிறது. ஏற்பாடு மாறி, “அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்கும் நாளில்தான் முகங்கள் சுருங்குகின்றன.

மற்ற அச்சாரமெல்லாம் சில ஆயிரங்களோடு போகும். புதுக் காருக்குக் கட்டும் முன்பணம் அப்படியா? வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் யாருடையது? கொடுத்தவருடையதா, வாங்கிக்கொண்டவருடையதா? இதற்குச் சட்டம் சொல்லும் பதிலை வீட்டுப் பெண்மணிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கார் வாங்குவது ஐயா பெயரிலே இருந்தாலும், கட்டிய பணத்தில் அம்மாளின் சீட்டுப் பணமும் கலந்திருக்கும் அல்லவா?

எழுபது வளைவு இறங்கி...

கொல்லிமலையிலே வாழவந்தி நாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. நாடு என்றதும் தனி ராஜ்யம் என்று எண்ணிவிட வேண்டாம். மலைமேல் உள்ள ஊர்த் தொகுதிகளுக்கே அங்கு நாடு என்று பெயர். அடிவாரத்தில் காரவல்லி. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைகின்றன.

அங்குள்ள ஒரு குடும்பம் புதுக் கார் வாங்க ஆசைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மலை இறங்கிச் சேலத்துக்குப் போய், மிளகு விற்ற பணமும் சீட்டுப் பணமுமாக 50,000 ரூபாய் கட்டுகிறார்கள். “ஒரு மாதத்தில் வண்டி” என்று சொல்கிறார் விற்பனையாளர். மூன்று மாதம் ஆகிறது, வண்டியைக் காணோம். இதற்குள் பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்து விடுகிறது.

“ஏங்க, வண்டி எங்கே ஓடிப் போகுது? முதல்லே பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுங்க” என்கிறாள் மனைவி. நியாயந்தானே?

ஆர்டரை ரத்து செய்கிறார்கள். முதல் தடவை போனால் “மானேஜர் லீவு.” இரண்டாம் தடவை “கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்.” மூன்றாம் தடவை “அடுத்த வாரம் வாருங்கள்.” ஒரு தடவை போய்வர 140 வளைவு, ஐந்து தடவை போனால் 700 வளைவு! தலை சுற்றுவது பாதையினாலா, பதிலினாலா என்று தெரியாமல், “போனால் போகட்டும்” என்று விட்டுவிடத் தோன்றும். அப்படி விடக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

காத்திருந்த காலம்

காருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. அம்பாஸிடர், ஃபியட், சென்னையிலே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை ஓடிய காலத்தில், பெயரைப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். ஸ்கூட்டருக்குத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 250 ரூபாய் போட்டு, அந்தப் பாஸ்புத்தகத்தை ஈடாக வைத்துப் பதிவு செய்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1983-ல் மாருதி கார் வந்தபோது 10,000 ரூபாய் கட்டிப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். 2009-ல் டாட்டாவின் நானோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் பதிவாயிற்று. முதல் லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டு விழாதவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வட்டியோடு விட்டு வைத்துக் காத்திருக்கலாம் என்று கம்பெனியே அறிவித்தது.

முன்பணம் என்பது கம்பெனிக்குக் கொடுத்த வெகுமதி அல்ல, அவர்களிடம் இருக்கும் நம் பணம் என்ற எண்ணம் இதிலெல்லாம் அடங்கியிருக்கிறது.

உருளைக்கிழங்கு வழக்கு

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுதான் இதற்கு ஆணிவேர். ஒப்பந்தம் மீறப்பட்டால் இன்ன தொகை தரவேண்டும் என்று எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும் என்கிறது அது.

இதை விளக்கியது ஓர் உருளைக்கிழங்கு வழக்கு! மவுலா பக்ஷ் என்பவர் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், முட்டை, மீன் முதலியவையும் தருவதாக ஒப்புக்கொண்டு, 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் டிபாஸிட் கட்டியிருந்தார். சரக்கை ஒழுங்காக அனுப்பவில்லை. அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்து டிபாஸிட்டையும் எடுத்துக்கொண்டது. 1969-ல் சுப்ரீம் கோர்ட், நஷ்டம் எவ்வளவு என்று அரசாங்கம் நிரூபிக்கவில்லை, ஆகையால் டிபாஸிட்டை எடுத்துக்கொள்ள உரிமையில்லை என்றது. சரக்கு அனுப்பாதவருக்கே அந்த நியாயம்!

ஆனால் அதே 1969-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பழைய விமானச் சரக்கை வாங்க ஒரு பஞ்சாலை நாலில் ஒரு பங்கு விலையை அச்சாரமாகக் கட்டிவிட்டு, மீதியைக் கட்டவில்லை. அச்சாரத்தை விற்றவர் எடுத்துக்கொண்டது சரியே என்றது கோர்ட். பேரத்தை உறுதிப்படுத்தக் கொடுப்பது அச்சாரம்; கொடுத்தவர் பிசகினால் அது போகலாம். விலையில் ஒரு பகுதியாக முன்கூட்டிக் கட்டுவது வெறும் அட்வான்ஸ். அது திரும்பி வரவேண்டும். எது எது என்பதை ரசீதின் தலைப்பை வைத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, நிபந்தனைகளையும் பார்ப்பார்கள்.

2015-ல் வந்த ஒரு தீர்ப்பு நமக்கு மிகவும் பயன்படும். டில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனை ஏலத்தில் வாங்கிய முன்பணத்தை எடுத்துக்கொண்டது. அதே மனையை மறுபடி ஏலம் விட்டு அதைவிட அதிக விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது நஷ்டஈடு ஏது என்று கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது சுப்ரீம் கோர்ட். கார்க் கடைக்காரரும் நாம் வேண்டாமென்ற வண்டியை அடுத்தவருக்கு விற்கத்தானே போகிறார்?

யார் பக்கம் பிசகு?

சொன்ன தேதியில் வண்டி வரவில்லை, பேசிய மாடல் மாறிவிட்டது, ஒப்பந்தத்துக்கு மாறாக விலையை ஏற்றினார்கள் என்றால் பிசகு அவர்கள் பக்கம். அப்போது முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம்.

நாமாகவே மனம் மாறினால், படிவத்தில் எழுதிய ரத்துக் கட்டணம் நியாயமாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள விடுவதே விவேகம். ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பொருந்தாத பெரிய அபராதத்தை ஒப்பக் கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிப்பட்டதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே சொல்கிறது.

வண்டிக்குப் பில் போட்டு, நம் பெயரில் ரிஜிஸ்தர் செய்தான பிறகு ரத்து செய்வது மிகக் கஷ்டம். யோசனை மாறினால் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடிதம் பேசட்டும்

வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஆகவே ரத்து செய்யும் அன்றே கடிதம் எழுதுங்கள். பதிவு செய்த தேதி, ரசீது எண், கட்டிய தொகை, வண்டி தருவதாகச் சொன்ன நாள், ரத்துக்குக் காரணம், பணம் போட வேண்டிய பாங்குக் கணக்கு ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். 15 நாள் கெடு வையுங்கள். அனுப்பிய அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். நகல் ஒன்று கார்க் கம்பெனியின் தலைமைக் காரியாலயத்துக்கும் போகட்டும். ஈ-மெயில் அனுப்பத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதையும் செய்யச் சொல்லுங்கள்.

பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்னை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.

மலைவாசிகளுக்கு ஒரு நல்ல சேதி. கடை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. சேலத்துக் கடைமேல் வாழவந்தி நாட்டுக் குடும்பம் நாமக்கல் கமிஷனிலேயே மனுச் செய்யலாம். இன்டர்நெட் வழியாக மனுவை அனுப்பவும், வீடியோ மூலம் விசாரணைக்கு ஆஜராக அனுமதி கேட்கவும் வழி உண்டு. எழுபது வளைவும் இறங்காமலே காரியம் தொடங்கலாம்!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வியாபாரத்துக்காக வாங்கும் வண்டிக்கு இந்தச் சட்டம் உதவாது. பிழைப்புக்காகத் தாமே சுயமாகத் தொழில் செய்ய வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

கட்டும் முன்னே

எல்லாவற்றையும்விட நல்லது, பணம் கட்டும் முன்பே, “வேண்டாமென்றால் எவ்வளவு பிடிப்பீர்கள்? எத்தனை நாளில் தருவீர்கள்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது. ரொக்கமாகக் கொடுக்காமல் பாங்கு மூலமே கட்டுங்கள். வண்டி தரும் தேதி இல்லாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம். பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை, வீட்டில் கண் நன்றாகத் தெரிபவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

கறிகாய்க்காரரிடம் நாலணா பாக்கியை மறக்காமல் கேட்டு வாங்கிய பாட்டிமார்களின் பேத்திகள் நாம். ஐம்பதாயிரத்தைக் கேட்பதற்கு என்ன கூச்சம்?