கட்டுப்படுத்தப்பட்ட மருத்துவ ஆய்வுகளும் வேலூரும்

கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு என்பது, ஒரு மருந்தோ தடுப்பூசியோ பழக்கமோ உண்மையில் பயன் தருகிறதா என்பதை, அதைப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே காலத்தில், ஒரே முறையில் கண்காணித்து ஒப்பிட்டு அறியும் முறையாகும். பயனைப் பெறும் பிரிவு சோதனைக் குழு எனவும், பெறாத பிரிவு ஒப்பீட்டுக் குழு எனவும் அழைக்கப்படும். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலுக்கு விட்டுவிடுவது இதன் சிறந்த வடிவம். இதற்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர். ஒப்பீட்டுக் குழுவினருக்கு மருந்தைப் போலவே தோற்றமும் சுவையும் கொண்ட, மருந்தில்லாத பொருள் கொடுக்கப்படுவதும் உண்டு. அது மருந்துப்போலி எனப்படும்.

தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வுகள் பல நடந்துள்ளன. அவற்றில் கணிசமானவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தவை.

ஒப்பீடு ஏன் தேவை?

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். குடித்தவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைந்துவிடுகின்றனர். ஆனால் அசுத்தமான நீர், உணவு வழியாகப் பரவும் காமாலை பெரும்பாலானோருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தணிந்துவிடக் கூடியது. ஆகவே, குடித்தபின் குணமானது என்பதை வைத்துக் குடித்ததால் குணமானது என்று சொல்லிவிட முடியாது. குடிக்காதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படி எண்ணிப் பார்க்கும் முயற்சி சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் பி வகை வைரசை நெடுநாளாக உடலில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தனர். இன்னொரு பிரிவினருக்கு மருந்துப்போலி கொடுக்கப்பட்டது. 1988இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்துப்போலி பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு இது. எனினும் ஒரு குறை கண்ணில் படுகிறது. தொடக்கத்தில் இரு குழுக்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. மருந்துப்போலி பெற்றவர்களில் பலர் மறுபரிசோதனைக்கு வரவில்லை. வராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது கணக்கில் இல்லை. பின்னர் தாய்லாந்திலும் (1991) நியூசிலாந்திலும் (1994) நடந்த ஆய்வுகளில் அந்தப் பயன் தென்படவில்லை. ஓர் ஆய்வின் முடிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வேறு இடத்தில் வேறொருவர் செய்து பார்த்தும் அது நிற்க வேண்டும் என்பதற்கு இது நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும் சான்று.

வேலூரும் போலியோ சொட்டு மருந்தும்

மேலை நாடுகளில் போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. வேலூரில் அப்படி ஆகவில்லை. இதை டி. ஜேக்கப் ஜான் 1972இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. மூன்று தவணைக்குப் பிறகும் கணிசமான குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. குடலில் ஏற்கெனவே இருக்கும் பிற வைரசுகள் சொட்டு மருந்தைத் தடுக்கின்றன என்பது அன்று பலரும் சொன்ன விளக்கம். அந்த விளக்கத்துக்கு அவருடைய ஆய்வு ஆதரவு தரவில்லை. அட்டவணைப்படி மூன்று முறை கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த பெற்றோரின் குழந்தைகளுக்கும் கால் சூம்பிப்போக வாய்ப்பிருந்தது என்பதே இதன் பொருள். ஒரே மருந்து, வேறு ஊர், வேறு பலன். பின்னாளில் நாடு முழுவதும் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து ஊற்றப்பட்டதன் பின்னணியில் இந்த உண்மை இருக்கிறது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

அதே 2014இல் வேலூரின் சின்ன அல்லாபுரம் பகுதியில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற, 1 முதல் 4 வயது வரையுள்ள 450 குழந்தைகள் இரு குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் போலியோ ஊசி ஒருமுறை போடப்பட்டது. மற்றதற்குப் போடப்படவில்லை. நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரத்துக்குப்பின் மலத்தில் வைரசு வெளியேறுகிறதா என்று பார்த்தனர். முதல் வகை வைரசை வெளியேற்றியவர்கள் ஊசி பெற்றோரில் 12 விழுக்காடு, பெறாதோரில் 19 விழுக்காடு. மூன்றாம் வகையில் இது 8க்கு 26. ஊசி இரத்தத்துக்கு மட்டுமே காவல், குடலுக்கு அல்ல என்று அதுவரை பரவலாகக் கருதப்பட்டது. முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கு ஊசி குடலின் எதிர்ப்பையும் தட்டி எழுப்புகிறது என்று இவ்வாய்வு காட்டியது.

சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் ஏன் குறைவாக வேலை செய்கிறது என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது. குடலில் உள்ள கிருமிகளும் அழற்சியுமே காரணம் என்றால், கிருமிக்கொல்லி கொடுத்தபின் சொட்டு மருந்து கொடுத்தால் பலன் கூட வேண்டும் அல்லவா? வேலூர் மாவட்டத்தில் 754 கைக்குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு அசித்ரோமைசின், பாதிப் பேருக்கு மருந்துப்போலி. 2016இல் வெளிவந்த முடிவு: குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன, சொட்டு மருந்தின் பலன் மட்டும் கூடவில்லை. இரு குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கே எதிர்ப்பொருள் தோன்றியது. காரணம் போலத் தோன்றிய ஒன்று காரணம் அல்ல என்று அறிவதும் அறிவுதான். இல்லாவிட்டால் இலட்சக்கணக்கான குழந்தைகள் தேவையின்றிக் கிருமிக்கொல்லி குடித்திருப்பார்கள்.

வெயிலில் வைத்த தண்ணீர்

வேலூரில் ஆறு வறண்டாலும் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. அந்த வெயிலையே பயன்படுத்திய ஆய்வு ஒன்று இங்குள்ள குடிசைப் பகுதியில் நடந்து, 2006இல் வெளியானது. நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் நீரை நிரப்பிச் சுமார் ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால், புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளைக் கொல்லும். செலவு இல்லை, விறகு வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளின் வீடுகளில் இம்முறை பின்பற்றப்பட்டது. வயதும் பாலினமும் ஒத்த வேறு 100 குழந்தைகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஆறு மாதம், வாரம் ஒருமுறை வீட்டுக்கே சென்று விசாரித்தனர். வெயில் நீர் குடித்த குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 முறை வயிற்றுப்போக்கு வந்தது. மற்றக் குழந்தைக்கு 2.7 முறை.

இந்த ஆய்வில் நோயைவிட மனிதரைப் பற்றிய செய்தி ஒன்று இருக்கிறது. வெயில் நீர் பெற்ற குழந்தைகளில் 86 விழுக்காட்டினர் வேறு தண்ணீரும் குடித்தனர். பக்கத்து வீட்டுக் குடம், தெருக்குழாய், பாட்டி வீடு எனத் தவழவும் ஓடவும் தெரிந்த குழந்தைக்குத் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் பல. பாட்டிலை நிரப்பி மாடியிலோ கூரையிலோ ஏற்றி, மாலையில் எடுத்து ஆறவைத்துக் கொடுப்பது நாள்தோறும் ஒரு தாயின் தலையில் ஏறும் கூடுதல் வேலை. பொலிவியாவின் சிற்றூர்களில் 22 சமூகங்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து இதே முறையைச் சோதித்தபோது (2009), வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே அது கடைப்பிடிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு குறைந்ததற்கு உறுதியான சான்றும் கிடைக்கவில்லை. சூரியன் இரு ஊரிலும் ஒன்றுதான்.

வேறொரு சிக்கலும் உண்டு. பாட்டில் எந்த வீட்டில் இருக்கிறது என்பது தாய்க்கும் தெரியும், கேட்க வருபவருக்கும் தெரியும். இத்தனை உதவி செய்தவர்களிடம் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லத் தாய் தயங்கலாம். இந்தத் தயக்கம் எவ்வளவு பெரியது என்று ஊகிக்க ஒடிசாவில் நடந்த ஆய்வு உதவும். அங்கே 2,163 வீடுகளில் ஒரு பாதிக்குக் குளோரின் மாத்திரையும் மறு பாதிக்கு அதே போன்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. முடிவில் இரு பிரிவுக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் வேறுபாடு இல்லை (2013). அங்கும் மாத்திரை ஒழுங்காகப் பயன்படுத்தப்படவில்லை என்ற குறை உண்டு. ஆகவே இதைக் கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்வதே வீண் என்று கொள்ளக் கூடாது. 

எழுபத்தொன்றும் எழுபத்தாறும்

ரோட்டா வைரசு கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருவது. இதற்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவாக், தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 6, 10, 14 வார வயதில் மூன்று தவணை. 4,532 குழந்தைகள் மருந்தும் 2,267 குழந்தைகள் மருந்துப்போலியும் பெற்றனர். 2014இல் வெளியான முடிவில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு மருந்து பெற்ற குழுவில் 71 முறையும் பெறாத குழுவில் 76 முறையும் பதிவாயிற்று.

எண்களை மட்டும் பார்ப்பவர், மருந்தால் என்ன பயன் என்று கேட்பார். முதல் குழு இரண்டாவதைப்போல் இரு மடங்கு பெரியது என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகள் கண்காணிக்கப்பட்ட மொத்தக் காலம் முதல் குழுவில் 4,752 ஆண்டு, இரண்டாவதில் 2,360 ஆண்டு. ஆயிரம் குழந்தை-ஆண்டுக்கு என்று வகுத்தால் முதல் குழுவில் ஏறத்தாழ 15, இரண்டாவதில் 32. அதாவது நூற்றுக்கு 53.6 பங்கு நோய் தடுக்கப்பட்டது. ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குதான். நாளிதழ்ச் செய்திகளில் பெரும்பாலும் தவறாகப் போவதும் இதுதான்.

பாதிதானே என்று தோன்றலாம். இதற்கு விடை வேலூரிலேயே இருந்தது. பீடி சுற்றும், கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் தெருக்களில், 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை ககன்தீப் காங் குழுவினர் பின்தொடர்ந்தனர். மூன்று முறை இயற்கையாகவே தொற்று வந்து போன குழந்தைக்கும், அடுத்த முறை மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடே (2011). மெக்சிகோவில் முன்பு நடந்த இத்தகைய ஆய்வில் இரு தொற்றுகளே முழுப் பாதுகாப்புத் தந்திருந்தன. நோயே மூன்று முறை வந்தும் தராத முழுக் காவலைத் தடுப்பு மருந்திடம் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. ரோட்டா தடுப்பு மருந்து 2016இல் தேசியத் திட்டத்தில் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டு, 2017இல் தமிழகத்துக்கும் வந்தது. ஆய்வு நடந்த காலத்தில் அது அரசுத் திட்டத்தில் இல்லாததால்தான் ஒரு பிரிவுக்கு மருந்துப்போலி கொடுப்பது ஏற்கப்பட்டது. நிறுவப்பட்ட சிகிச்சை ஒன்று கையில் இருக்கும்போது அதை மறைத்து வைத்து ஒப்பிடுவது அறமாகாது.

சென்னை காசநோய் ஆய்வு

இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. காசநோயாளி நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் உள்ள சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவம். ஏழை நாட்டில் அதற்குப் படுக்கை ஏது? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், ஒரு பிரிவினர் சானட்டோரியத்திலும் மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டனர், அதிகம் உழைத்தனர். ஆயினும் குணமானவர் விகிதம் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உடல் தேறியதும் மருந்தை நிறுத்திவிடும் மனிதச் சுபாவமே பெரிய தடை என்பதும் அப்போது தெரிந்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவது, சிறுநீரைச் சோதிப்பது போன்ற வழிகள் கையாளப்பட்டன. கண்முன் மருந்து விழுங்கவைக்கும் இன்றைய முறையின் வேர் இங்கே உள்ளது.

சோதிக்க முடியாதவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல. குரோமியம் உப்பும் அதன் கழிவும் உடலை என்ன செய்கின்றன என்பதை மேற்கண்ட முறையில் சோதிக்க முடியாது. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை டேனரித் தொட்டியில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஏற்கெனவே வேலை செய்பவர்களைச் செய்யாதவர்களோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. அதிலும் ஒரு மயக்கம் உண்டு. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தாங்காதவர்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். கணக்கெடுக்கப் போகும் நாளில் தொழிற்சாலையில் நிற்பவர்கள் தாங்கியவர்கள் மட்டுமே. அதனால் தொழிலாளர் நலம் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

பாலாற்றுப் படுகை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீடு அதன் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, முழுமையான அறிவியல் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகச் செயல்பட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஏற்றது. தம் தொழில் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தொழிற்சாலைகளின் மேலேயே வைத்தது.