ரோப்கார் நிற்கிற நாள்

சங்கரன்கோவிலிலிருந்து பழனிக்குப் போய் வந்தவர்கள் டீக்கடையில் சொல்லும் குறைகளில் இது அடிக்கடி வரும்: “நாங்க போன அன்னைக்குப் பாத்து ரோப்கார நிப்பாட்டிட்டாங்க அண்ணாச்சி. வின்ச்ல நிக்க முடியாத கூட்டம். அம்மாவப் படியில ஏத்தி இறக்கதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு.” முழங்கால் வலிக்கிற தாயாரை 693 படி ஏற்றிவிட்டு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் நியாயம் பேசக்கூடாது. டீயைக் குடித்து முடிக்கட்டும். அப்புறம் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கலாம்.

பழனியில் வின்ச் 1966-லேயே வந்துவிட்டது. அது தண்டவாளத்தில் ஏறுகிற பெட்டி. 2004-ல் வந்த ரோப்கார் வேறு சங்கதி. அடிவாரத்தில் ஒரு பெரிய சக்கரம், மலைமேல் ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி முனையே இல்லாத ஒரு கம்பிவடம். மோட்டார் சக்கரத்தைச் சுழற்ற, வடம் ஓடுகிறது; வடத்தைக் கவ்விக்கொண்டு பெட்டிகளும் ஓடுகின்றன. ஒரு பக்கம் நான்கு பெட்டி ஏறும்போது மறுபக்கம் நான்கு பெட்டி இறங்கும். இறங்குகிற பாரம் ஏறுகிற பாரத்துக்குக் கை கொடுப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைந்துவிடுகிறது.

பனி பெய்யும் நாடுகளில் சறுக்கு விளையாட்டுக்காரர்களை மலை ஏற்றும் ‘ஸ்கீ லிஃப்ட்’டும் இதே குடும்பம்தான். அதில் நாற்காலி வந்த கதையைக் கேட்டால் நம் பக்கத்து வாழைக்காய் வியாபாரிக்கும் சந்தோஷமாக இருக்கும். 1936-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி சன் வேலி என்ற பனிமலை விடுதியைக் கட்டியது. அங்கே ஆட்களை மேலே ஏற்ற வழி தேடிய ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளருக்கு, வெப்பநாட்டுத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் இயந்திரம் நினைவுக்கு வந்தது. தார் தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். ஓடுகிற நாற்காலியில் மனிதன் உட்கார முடியுமா என்று பார்க்க, லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி ஓட்டிச் சோதித்தார்கள். உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் அப்படிப் பிறந்தது.

இந்தியாவில் ஸ்கீ லிஃப்ட் என்றால் காஷ்மீரின் குல்மார்க். 1998-ல் முதல் கட்டம், 2005-ல் இரண்டாம் கட்டம். உச்சி நிலையம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில். அங்கே பெட்டி நிலையத்துக்குள் வந்ததும் கவ்வி வடத்தை விட்டுவிடும். வடம் தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க, பெட்டி நிதானமாக நகர்ந்து ஆளை ஏற்றிக்கொண்டு மறுபடி வடத்தைக் கவ்வும். நவீன லிஃப்டுகள் நொடிக்கு ஐந்து, ஆறு மீட்டர் ஓடுவது இந்த ஏற்பாட்டால்தான். நிரந்தரமாகக் கவ்விய நாற்காலிகள் அதில் பாதி வேகம்தான் போகும்.

இப்போது வடத்துக்கு வருவோம். உயிர் தொங்குவது அதில்தானே. எஃகுக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி, அப்படி ஆறு புரிகளை ஒரு நடுத்தண்டைச் சுற்றி முறுக்கினால் ஒரு வடம். அதன் இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். நம் ஊர் விசைத்தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடலாம். இங்கே முடிச்சு கூடாது, சக்கரத்தில் ஏறாது. இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கையாலேயே பின்னிச் செருகுவார்கள். பின்னலின் நீளம் வடத்தின் தடிமனைப் போல 1,200 மடங்கு. 30 மில்லிமீட்டர் வடத்துக்கு 36 மீட்டர் பின்னல். செய்து முடித்தபின் எந்த இடத்தில் சேர்த்தார்கள் என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கைத்திறனுள்ள அந்த வேலையாட்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

வடம் உள்ளே தேய்வது வெளியே தெரியாது. காந்தக் கருவி வைத்துப் பார்த்தால்தான் உள்கம்பி அறுந்திருப்பது தெரியும். நிரந்தரக் கவ்வி பிடித்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் வடம் அங்கே களைத்துப்போகும். அதனால் அவ்வப்போது கவ்வியைத் தள்ளிப் பூட்ட வேண்டும். தூண்களில் உள்ள உருளைகளின் ரப்பரை மாற்ற வேண்டும். பழனியில் மாதம் ஒரு நாளும் வருஷத்துக்கு ஒரு நீண்ட விடுப்பும் விட்டுச் செய்வது இந்த மாதிரி வேலைகளைத்தான். முடிந்ததும் பெட்டிகளில் எடைக்கற்களை ஏற்றி வெள்ளோட்டம் விட்ட பிறகே ஆட்களை ஏற்றுகிறார்கள்.

காற்றடித்தாலும் நிறுத்துவார்கள். ஆடிக்காற்றை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கரூர் மாவட்டம் அய்யர்மலையில் 2024 ஜூலையில் ரோப்கார் திறந்த மறுநாளே பாதி வழியில் நின்று சிலர் அந்தரத்தில் தவித்தார்கள். குல்மார்க்கில் 2017-ல் பலத்த காற்றில் ரோப்வே மேல் மரம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள்.

நிறுத்த மனமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் மொத்தரோனே மலை சாட்சி. அங்கே அவசரப் பிரேக் தொந்தரவு கொடுத்து, அடிக்கடி பெட்டி நின்றுபோனது. ஓட்டம் தடைப்படக்கூடாதென்று அந்தப் பிரேக் பிடிக்காதபடி இரும்புக் கவை ஒன்றை மாட்டிவைத்து ஓட்டினார்கள். 2021 மே 23-ல் உச்சியை நெருங்கும்போது பெட்டியை இழுக்கும் வடம் அறுந்தது. பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. 14 பேர் இறந்தார்கள். தப்பியது ஒரு சிறுவன் மட்டும்.

நம் நாட்டில் இனி ரோப்வே காலம். 2022 பட்ஜெட்டில் ‘பர்வத்மாலா’ திட்டம் வந்தது. சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. நம் பக்கம் சோளிங்கரிலும் 2024-ல் ரோப்கார் ஓடத் தொடங்கியது. வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் சாமியைப் பார்க்க வழி பிறப்பது நல்ல காரியம். ஆனால் திறப்பு விழாவுக்கு வருகிற கவனம் வடச் சோதனைக்கும் வர வேண்டும். அதற்கான பணமும் ஆளும் வருஷா வருஷம் ஒதுக்கப்பட வேண்டும்.

பழனியில் பராமரிப்பு நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போவதானால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். தப்பித்தவறி அன்றைக்கே போய்விட்டால், வாசலில் நிற்கிற ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.