முன்னூறு கிலோ பெஞ்சு

மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் பட்டறை வாசல்தோறும் பிள்ளையார், நந்தி, புத்தர் என்று வரிசை கட்டி நிற்பார்கள். கும்பிட்டுவிட்டு அப்படியே பின்கட்டுக்கு வந்துவிடுங்கள், கூத்தே அங்கேதான்! கால் வேறு பலகை வேறாகத் தூசி மூடிக் கிடக்கிறது பூங்கா பெஞ்சு. வாக்கிங் முடித்துப் பொத்தென்று உட்காருவோமே, அதேதான். சாமிக்குக் கண் திறக்கும் கை இதற்கும் விளிம்பு தட்டுகிறது என்று பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரையடி கனம். கருங்கல் கன அடிக்கு 75 கிலோ தேறும். பலகை மட்டுமே 280 கிலோ! காலையும் சேர்த்தால் முன்னூறு தாண்டிவிடும். அறுப்பதும் தேய்ப்பதும் இப்போது மிஷின். விளிம்பு மட்டும் உளிக்கு. கூராக விட்டால் சில்லு பெயரும், தொடையிலும் அறுக்கும், அதனால் மழுக்குகிறார்கள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழ் நடுவில் நிற்கவில்லை. "கோணலா இருக்கே அண்ணே!" என்று பதறினால் சிற்பி சிரிக்கிறார். மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட, வேண்டுமென்றே இரண்டு நூல் வாட்டமாம்.

அடுத்தது இன்னும் அருமை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகை மேல் மெல்ல இழுக்கிறார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. உடனே அங்கே மறுபடி தேய்ப்பு. எந்த அம்மாவின் சேலையும் இழை பிரியக் கூடாதே! "சாமிய தூர நின்னு பாப்பாங்க சார். இதுல வந்து குந்துவாங்க."

மாமல்லபுரம் கல்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பெஞ்சும் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை. என் தீர்ப்பில் சேர்த்திதான். பல்லவர் குன்றின் மேலேயே தர்மராஜர் சிம்மாசனம் இருக்கிறதே! வழவழவென்று தேய்த்த கல்மேடை, ஒரு முனையில் தலையணை மாதிரி சிங்கம். ராஜாவுக்கு அது என்றால், தலைச்சுமையோடு நடந்தவர்களுக்குச் சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வழியோரம் நட்டவை. நிற்கும் கல் இரண்டு, குறுக்கே ஒன்று. குறுக்குக் கல்லை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், பூங்கா பெஞ்சு தயார்!

உப்புக்காற்றில் இரும்பு துருவேறும், மரத்தைக் கரையான் அரிக்கும். கல்லுக்கு இரண்டு கவலையும் இல்லை. வெயில்தான் வினை. பன்னிரண்டு மணிக்குத் தோசைக்கல்லாகிவிடும். மர நிழலில் போட்டால் தீர்ந்தது. பூங்கா போடுகிறவர்கள் என்னவோ நட்டநடு வெட்டவெளியில்தான் போடுவார்கள்.

திருட்டுப் பயம்? இரும்பு பெஞ்சு என்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இதைத் தூக்க ஆறேழு பேர் வேண்டும். பத்தடி போவதற்குள் இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள்!