சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்: யுத்தம் விட்டுச்சென்ற சாட்சியம்

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குச் செல்வோருக்கு சீனக்குடா பழகிய இடம். அங்கு காட்டுக்குள் பரந்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை நாம் ஒப்பந்தச் செய்திகளில் மட்டுமே நினைவுகூருகிறோம். அவை இரண்டாம் உலகப் போரின் சாட்சியங்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலைத் துறைமுகம் பெரும் முக்கியத்துவம் பெற்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை, 9ஆம் திகதி சுமார் 130 விமானங்களுடன் திருகோணமலை மீது பாய்ந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் ஹாபரைத் தாக்கியதும் இதே படையணிதான்.

தாக்குதல் வருமென அறிந்து முதல்நாள் இரவே கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. ஆனால் விமானங்கள் எதுவும் இன்றிச் சென்ற 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் உயிரிழந்தனர்.

சீனக்குடாவில் ஜப்பானிய விமானமொன்று மோதி ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. விமானி வேண்டுமென்றே மோதினாரா, சுடப்பட்டு வீழ்ந்தாரா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தீ தொகுதி முழுவதும் பரவவில்லை. தாங்கிகள் ஒரே இடத்தில் நெருக்கமாக அன்றி, மரங்களுக்கிடையே இடைவெளி விட்டு அமைக்கப்பட்டிருந்தன. அந்த இடைவெளியே அவற்றின் பதுங்குகுழி. அதனால்தான் இன்றும் 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன.

2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 14 லங்கா ஐஓசியிடமும், 61 இரு தரப்பின் கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன. அவற்றைத் திருத்திப் பயன்படுத்துவது நாட்டுக்குத் தேவையானதே. ஆனால் திருத்த வேலைகளின்போது, எரிந்துபோன தாங்கியின் உருகிய இரும்பு பழைய இரும்பாக விலைபோய்விடக் கூடாது.

அந்த ஒரு தாங்கியின் எச்சத்தையாவது வேலியிட்டு, மும்மொழிகளிலும் விளக்கப் பலகை வைத்துப் பாதுகாக்க வேண்டும். கிண்ணியா, மூதூர், திருகோணமலை மாணவர்கள் உரிய அனுமதியோடு அதைப் பார்வையிட வழி செய்யப்பட வேண்டும். உலகப் போர் எங்கோ நடந்த கதையல்ல, நம் வீட்டு வாசல்வரை வந்து போனது என்பதை அந்த இரும்பு சொல்வதுபோல எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.